வாத்து வேட்டைக்குப் பழைய படகு வாங்கலாமா?

கேள்வி: விஸ்கான்சினில், மிசிசிப்பி ஆற்றோரம் உள்ள ஒரு ஊரில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் நண்பர்கள் வருகிற நவம்பரில் வாத்து வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள். அவர்களில் ஒருவர் தன்னுடைய பழைய 14 அடி அலுமினியத் தட்டைப் படகை 15 குதிரைத்திறன் மோட்டாரோடு மலிவாகத் தருகிறேன் என்கிறார். நாங்கள் மூன்று பேர், கூட ஒரு லாப்ரடார் நாய். ‘இது தாராளமாகப் போதும்’ என்பது அவர் பேச்சு. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் மூன்று பேருக்கு வேண்டாம்.

விலை பேசுவதற்கு முன்னால் படகில் அறைந்திருக்கும் கொள்ளளவுத் தகட்டைப் படியுங்கள். 1972 நவம்பருக்குப் பிறகு தயாரான, 20 அடிக்கு உட்பட்ட இந்த வகை மோட்டார் படகுகள் எல்லாவற்றிலும் அமெரிக்கக் கடலோரக் காவல்படையான கோஸ்ட் கார்டின் விதிப்படி அந்தத் தகடு இருக்க வேண்டும். அதில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று ஆட்களின் எடை மட்டும். இன்னொன்று ஆள், மோட்டார், சாமான் எல்லாம் சேர்த்து. பலரும் ‘3 பேர்’ என்ற வரியைப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வேட்டைக்காரர் பார்க்க வேண்டியது இரண்டாவது எடையை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குளிர் உடுப்போடு ஆளுக்கு 200 பவுண்டு, மூன்று பேர் 600. மோட்டார் 110. நிரப்பிய 6 காலன் பெட்ரோல் டேங்க் 45. பேட்டரி 50. நிஜ வாத்துகளை ஏமாற்றி வரவழைக்க மிதக்க விடும் பொம்மை வாத்துகள் நான்கு டஜன், கயிறும் ஈயக் குண்டுமாக 70. நாய் 75, அதுவும் நனையாமல் இருந்தால். துப்பாக்கிகள், தோட்டாப் பெட்டிகள், சாப்பாடு எல்லாம் 50. ஆக 1,000 பவுண்டு, கிட்டத்தட்ட 450 கிலோ. ஒருவரை இறக்கிவிட்டாலும் 800. உங்கள் நண்பரின் தகட்டில் மொத்த எடை 700 என்று இருக்குமானால், ஒரு ஆளும் நாயும் போகிற படகு அது. அந்த எண்ணும் நல்ல வானிலைக்குச் சொன்னது.

சுமை ஏற ஏற, படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள உயரம் குறையும். ஒரு சாண் கூட மிச்சமில்லாத படகில் நாய் ஒரு பக்கம் தாவுகிறது, இரண்டு பேர் அதே பக்கம் எழுந்து சுடுகிறார்கள், அந்த நேரம் பார்த்து ஒரு பார்ஜ் சரக்குப் படகின் அலை வருகிறது. அப்புறம் நடப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, மேல் மிசிசிப்பியில் நீரோட்டத்தை நடு வாய்க்காலுக்குத் தள்ளுவதற்காகக் கட்டிய பழைய கல் அணைகள் தண்ணீருக்குள் மறைந்து கிடக்கின்றன. சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பே சுட அனுமதி என்பதால், எல்லோரும் படகை எடுப்பது கும்மிருட்டில். இருட்டில் வேகமாகப் போய் அந்தக் கல்லில் மோதினால் மோட்டார் மட்டுமல்ல, பின்னால் உட்கார்ந்திருப்பவரும் தூக்கி எறியப்படுவார். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிற்றை அவர் உடம்பில் மாட்டிக்கொள்வது, படகில் அந்த வசதி இருந்தால், 2021 ஏப்ரல் 1 முதல் சட்டமே ஆகிவிட்டது. நண்பரின் படகில் அந்தக் கயிறு இருக்கிறதா, இழுத்தால் எஞ்சின் நிற்கிறதா என்று பாருங்கள்.

பழைய படகு என்பதால் இன்னும் இரண்டு சோதனைகள். டிரெய்லரில் இருக்கும்போதே தோட்டத்துக் குழாயால் உள்ளே இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு, கீழே குனிந்து ஆணித்தலைகளைப் பாருங்கள். எந்த ஆணி கசிகிறது என்று தெரிந்துவிடும். அடுத்தது இருக்கைக்கு அடியில் இருக்கும் நுரை. படகில் தண்ணீர் நிரம்பினாலும் கவிழாமல் மட்டமாக மிதக்க வைப்பது அதுதான். பேட்டரிக்கு இடம் பண்ண அதை அறுத்து எறிந்தவர்கள் உண்டு; வருடக்கணக்கில் தண்ணீர் குடித்து ஊறிப்போன நுரையும் உண்டு. லாரி எடைமேடையில் ஏற்றி, டிரெய்லர், மோட்டார் எடையைக் கழித்து, கம்பெனி சொல்லும் எடையோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். சொந்தமாகப் பலகை மேடையும், வாத்து கண்ணில் படாமல் ஒளிய மறைப்புக் கூடாரமும் அடித்த படகு என்றால் நான் பேரமே பேச மாட்டேன்.

மூன்று பேர் போயே ஆக வேண்டுமா? 16 அடி நீளமும், அடிப்பாகத்தில் 48 அங்குல அகலமும் உள்ளதைத் தேடுங்கள். கடைகளில் அதை ‘1648’ என்பார்கள். அப்போதும் முதலில் தகடுதான்.

கேள்வி: லைஃப் ஜாக்கெட்டில் காற்று நிரம்பும் வகை வாங்குவதா, நுரை வைத்தது வாங்குவதா? மெல்லியதாக இருப்பதால் துப்பாக்கி தோளில் நன்றாகப் பதியும் என்று காற்று வகையைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

பதில்: கோடைக்கு அவர்கள் சொல்வது சரி. நவம்பர் ஆற்றுக்கு என் காசு நுரைக்குத்தான்.

குளிர்நீரில் விழுந்தவர் உடனே உறைந்து சாவதில்லை. கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்து கார்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கிச் சொல்வார். முதல் 1 நிமிடம் மூச்சு திணறி வாரி இழுக்கும், அப்போது தலை தண்ணீருக்குள் இருந்தால் ஆபத்து. அடுத்த 10 நிமிடம் வரைதான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். ஆக, விழுந்த பிறகு ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொள்வேன் என்பது நடக்காத கதை. இடுப்பில் கட்டிக்கொண்டு, கயிற்றை இழுத்து, தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் வகைக்கும் இதே பதில்தான்.

தானாகவே ஊதும் வகை பரவாயில்லை. ஆனால் கடுங்குளிரில் அதை ஊத வைக்கும் சிலிண்டரின் வாயு மந்தமாக விரியும். கனத்த கோட்டுக்கு உள்ளே போட்டிருந்தால் ஊதும்போது நெஞ்சைத்தான் நெரிக்கும். சிலிண்டர் செலவாகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதற்கு அங்கீகாரமே இல்லை. நுரை ஜாக்கெட்டில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது, கூடவே குளிருக்கும் அடக்கம். வேட்டைக்கென்றே தோள்பட்டையில் நுரை குறைத்துத் தைத்தவை கிடைக்கின்றன. கோட்டு மேல் போட்டுப் பார்த்து, துப்பாக்கி பிடிக்கிற மாதிரி கையைத் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். உள்பக்கம் கோஸ்ட் கார்டு அங்கீகார எண் அச்சிட்டிருக்க வேண்டும். ‘மிதக்கும் கோட்’ என்று விளம்பரம் செய்தும் அந்த எண் இல்லையென்றால், அது வெறும் கோட்.

இலை, நாணல் டிசைன் போட்டதற்குக் கூடுதல் விலை கேட்பார்கள். வாத்து கண்ணுக்குத் தெரியாத உடுப்பு, தேடி வரும் ஹெலிகாப்டருக்கும் தெரியாது. பையில் ஒரு ஆரஞ்சுத் துணியும் விசிலும் போட்டு வையுங்கள். இரண்டும் சேர்ந்து சாப்பாட்டுச் செலவு கூட ஆகாது.

கேள்வி: தண்ணீரில் இறங்கப் போடும், மார்பு வரை வரும் ‘வேடர்ஸ்’ காலுடைக்குள் தண்ணீர் புகுந்தால் கல்லைக் கட்டியதுபோல ஆளை அடியில் இழுத்துவிடும் என்கிறாரே கடைக்காரர்?

பதில்: அது தப்பு. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடை இல்லை. நியோப்ரீன் என்ற நுரை ரப்பரில் செய்தது கொஞ்சம் மிதக்கவே செய்யும். சங்கடம் ஏறும்போதுதான். நிரம்பிய காலுடையோடு படகில் ஏற முயன்றால் அத்தனை எடையும் அப்போதுதான் தெரியும். மேல் பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் உள்ளே போகும் தண்ணீர் குறையும். கவிழ்ந்த படகை விட்டு நீந்தப் பார்க்காதீர்கள், அதைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் ஏறப் பாருங்கள்.

கேள்வி: என் கணவர் இவர்கள் கூடப் போகிறார். படகில் வைத்துக்கொள்ளச் சின்ன கேஸ் ஹீட்டர் வாங்கித் தரலாமா? எச்1பி விசாவில் துப்பாக்கி தொடலாமா என்றும் கவலை.

பதில்: ஹீட்டர் வேண்டாம். மூடிய மறைப்புக்குள் கார்பன் மோனாக்சைடு தேங்கும், மணம் கிடையாது. அந்தக் காசுக்கு நீர் புகாத பையில் ஒரு செட் மாற்றுத் துணியும், மொபைலுக்கு ஒரு உறையும் வாங்கிக் கொடுங்கள். வானிலை அறிக்கையை முதல் நாள் இரவும் கிளம்பும்போதும் பார்க்கச் சொல்லுங்கள். 1940 நவம்பர் 11 அன்று காலை இதே ஆற்றில் இதமான வெயிலை நம்பி மெல்லிய சட்டையோடு போனவர்களை மதியத்துக்குள் பனிப்புயல் தீவுகளில் மாட்டிவிட்டது. மின்னசோட்டாவில் மட்டும் 49 பேர் இறந்தார்கள், அதில் பாதிக்குப் பக்கம் வாத்து வேட்டைக்காரர்கள். எந்தத் துறையில் படகை இறக்குகிறார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் தாண்டினால் 911.

விசா விஷயம்: குடியேற்றமல்லாத விசாக்காரர் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. முறையாக வாங்கிய வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கும் உண்டு. நண்பருடைய துப்பாக்கியைச் சும்மா பிடித்துப் பார்ப்பதற்குக் கூட, லைசென்ஸ் வாங்கி ஒரு வக்கீலிடம் காட்டிய பிறகு போகட்டும். 16 வயது நிரம்பியவர்களுக்கு, வாத்து வேட்டைக்கான ‘டக் ஸ்டாம்ப்’ என்ற 25 டாலர் கூட்டாட்சி முத்திரையும் தனியாக வேண்டும்.