நடுவானில் எஞ்சின் திணறினால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் மகன் செஸ்னா 152 விமானத்தில் பயிற்சி எடுக்கிறான். 30 டிகிரி வெயிலிலும் கார்புரேட்டருக்குள் ஐஸ் பிடிக்கும் என்கிறான். நம்பலாமா?
– வாசகர், சேலம்

தாராளமாக நம்பலாம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்தான் கார்புரேட்டர். அதன் குறுகலான பகுதியில் காற்று வேகமெடுக்கும்போது அதன் அழுத்தம் குறைகிறது. அதே இடத்தில் பெட்ரோலும் ஆவியாகி வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தால் உள்ளே வெப்பநிலை வெளியே இருப்பதைவிட 30 டிகிரிக்கு மேல்கூட இறங்கிவிடும். காற்றில் உள்ள ஈரம், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தகட்டைச் சுற்றி உறையும். வெளியே 21 டிகிரிக்குக் கீழே வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் இருந்தால் ஆபத்து மிக அதிகம். ஆனால் 38 டிகிரி வெயிலிலும் இது நடக்கலாம். பவரைக் குறைத்துக் கீழே இறங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அப்போது தகடு கிட்டத்தட்ட மூடியிருப்பதால் கொஞ்சம் ஐஸ் படிந்தாலே வழி அடைபடும்.

முதல் அறிகுறி, ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) சத்தமில்லாமல் குறைவது. த்ராட்டிலைக் கொஞ்சம் முன்னே தள்ளிச் சரிசெய்துவிட்டு மறந்துவிடுவதுதான் மாணவர்கள் செய்யும் தவறு. சூடான காற்றை உள்ளே விடும் கார்புரேட்டர் ஹீட் குமிழை முழுவதுமாக வெளியே இழுக்க வேண்டும். இழுத்ததும் ஆர்.பி.எம். இன்னும் குறையும், எஞ்சின் இருமும், அதிரும். உருகிய தண்ணீர் சிலிண்டருக்குள் போவதால் வரும் திணறல் அது. பயந்துபோய்க் குமிழைத் திரும்பத் தள்ளிவிடக் கூடாது, பொறுத்திருந்தால் ஆர்.பி.எம். தானே ஏறும். பாதி இழுத்து வைப்பதும் தவறு, அரைகுறைச் சூட்டில் உருகிய ஈரம் மறுபடி உறையக்கூடும். இந்தச் சூடான காற்று புகைபோக்கிக் குழாயைச் சுற்றி வருவது. எஞ்சின் நின்று குழாய் ஆறிவிட்டால் குமிழை இழுத்தும் பயனில்லை. அதனால் சந்தேகம் வந்த உடனே இழுக்கச் சொல்லுங்கள்.

1996-க்குப் பிறகு வந்த செஸ்னா 172 மாடல்களில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின். அவற்றில் பெட்ரோல் பீய்ச்சி அனுப்பப்படுவதால் கார்புரேட்டரே கிடையாது.

பேட்டரி செத்துவிட்டால் எஞ்சினும் நின்றுவிடுமா?
– மாணவி, மதுரை

நிற்காது. தீப்பொறிக்கு வேண்டிய மின்சாரத்தை, எஞ்சின் சுழற்சியால் ஓடும் இரண்டு மேக்னெட்டோக்கள் (சிறு மின்னாக்கிகள்) தாமே உண்டாக்கிக்கொள்கின்றன.

டேக்-ஆஃப் ஆகி 400 அடியில் எஞ்சின் நின்றால், பின்னாலேயே இருக்கும் ரன்வேக்குத் திரும்பக் கூடாது என்கிறார்களே, ஏன்?
– வாசகர், கோவை

திரும்ப முயன்றுதான் பலர் உயிரை விட்டிருக்கிறார்கள். ஏறும்போது மூக்கு மேலே தூக்கியிருக்கும். எஞ்சின் நின்ற சில நொடிகளில் வேகம் கரைந்துவிடும். செஸ்னா 172-இன் ‘என்’ மாடலில் 65 நாட் (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) வேகத்தைக் காப்பாற்ற முதலில் மூக்கைத் தாழ்த்தியாக வேண்டும். சறுக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 700 அடி உயரம் போகும், 400 அடி என்பது அரை நிமிடம்தான். 180 டிகிரி திரும்பினாலும் ரன்வேக்குப் பக்கவாட்டில்தான் இருப்பீர்கள், நேராக வர இன்னும் திரும்ப வேண்டும். 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால் ஸ்டால் வேகம் (அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகம்) 19 சதவீதம் கூடும், 60 டிகிரியில் 41 சதவீதம். தரையைப் பார்த்த பயத்தில் மூக்கை இழுத்தால் ஸ்டால், அதிலிருந்து ஸ்பின் (சுழன்றபடி விழுவது). மீள உயரம் இருக்காது. முன்னால், இடமும் வலமுமாகச் சுமார் 30 டிகிரிக்குள் கிடைக்கும் இடத்தில் இறங்குங்கள். மரக்கன்றுகள் மீது மோதினாலும் கட்டுப்பாட்டோடு மோதுவது பிழைக்க வழி தரும்.

வயலில் இறக்குவதென்றால் எப்படிப்பட்ட வயல்?
– வாசகர், தஞ்சாவூர்

அறுவடை முடிந்து காய்ந்த, நீளமான வயல். தண்ணீர் நிற்கும் நடவு வயலில் முன்சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழலாம். உழுத நிலமென்றால் உழவுசால் போகும் திசையிலேயே இறங்குங்கள். மேலிருந்து மின்கம்பி தெரியாது, கம்பத்தைத் தேடுங்கள்.

காற்றை எதிர்த்து இறங்குவது பெரிய விஷயம். 60 நாட் வேகத்தில் 15 நாட் எதிர்காற்று இருந்தால் தரையில் 45 நாட். அதே காற்று பின்னாலிருந்தால் 75. மோதும் ஆற்றல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

உயரம் இருக்கும்போதே மறு ஸ்டார்ட் முயற்சி: எந்த டாங்கிலிருந்து பெட்ரோல் என்று தேர்வு செய்யும் ஃப்யூயல் செலக்டர் ‘போத்’ (இரண்டு டாங்கும்), மிக்ஸ்சர் ரிச் (கலவையில் பெட்ரோல் கூடுதலாக), கார்புரேட்டர் ஹீட், மேக்னெட்டோ ‘போத்’. 121.5 மெகாஹெர்ட்ஸ் அவசர அலைவரிசையில் ‘மேடே’ என்ற ஆபத்து அழைப்பு, ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் ட்ரான்ஸ்பாண்டரில் அவசரக் குறியீடு 7700. எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் மிக்ஸ்சர் கட், பெட்ரோல் மூடல், மேக்னெட்டோ ஆஃப். இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் ஃபிளாப்பை இறக்கிய பிறகே, மின்சாரத்தை நிறுத்தும் மாஸ்டர் ஸ்விட்ச் ஆஃப், ஏனெனில் 172-இல் ஃபிளாப் மின்சாரத்தில் ஓடுகிறது. தரை தொடுமுன் கதவின் தாழைத் திறந்து வையுங்கள், சட்டம் நெளிந்தால் கதவு சிக்கிக்கொள்ளும்.

டாங்கில் தண்ணீர் இருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– பயிற்சி மாணவர், புதுச்சேரி

ஒவ்வொரு நாளும் முதல் பறப்புக்கு முன்னும், பெட்ரோல் நிரப்பிய பிறகும், டாங்கின் அடியிலுள்ள வடிகால் வால்வில் கண்ணாடிக் கோப்பையை அழுத்திக் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். 100 எல்.எல். எனும் விமானப் பெட்ரோல் நீல நிறம், தண்ணீர் கனமென்பதால் அடியில் தெளிந்த குமிழாக உட்காரும். கோப்பை முழுக்கத் தண்ணீரே வந்துவிட்டால் பிரிகோடு தெரியாது, பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். நீலம் இருக்கிறதா, பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று பார்த்த பிறகே கோப்பையைக் கீழே வையுங்கள்.