பீலியில் தண்ணீர் பிடிக்க முடியுமா?

கேள்வி: இலங்கை மலையகக் கதை ஒன்றை வகுப்பில் வாசித்தோம். அதில் ஒரு பெண் விடிகாலையில் பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வருகிறாள். பீலி என்றால் மயிலிறகு என்றல்லவா குறளில் சொல்லிக் கொடுத்தேன்? பிள்ளைகள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? (ஒரு தமிழாசிரியை)

பதில்: குறளுக்கு நீங்கள் சொன்ன பொருள் சரிதான். கதையில் வருவது வேறு பீலி. மலையகத் தோட்டங்களில் ஊற்றுநீரை மூங்கிலிலோ குழாயிலோ கொண்டுவந்து கொட்டவிடும் இடத்துக்குப் பீலி என்று பெயர். லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாழும் மக்கள் குடிநீர் எடுப்பது, குளிப்பது, துவைப்பது எல்லாம் அந்தப் பீலிக்கரையில்தான். சிங்களத்தில் இதையே 'பீல்ல' என்பார்கள். யாழ்ப்பாணத்தில் கேட்டால், கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தி வடிக்கும் தகரத்தைப் பீலி என்று காட்டுவார்கள்.

இனி இறகுக்கு வருவோம். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' (குறள் 475) என்பதில் வருவது மயிற்பீலி. சாகாடு என்றால் வண்டி. மயிலிறகைப் போல எடையற்ற பொருளும் அளவுமீறி ஏற்றினால் அச்சை முறித்துவிடும். இங்கே அதன் எடையின்மைதான் முக்கியம்.

ஆனால் எல்லா இடத்திலும் 'மயிலிறகு' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அங்கே அந்த இறகுக்கு என்ன வேலை என்றும் கேட்க வேண்டும். புறநானூறு 95-இல், அதியமானின் தூதாகப் போன ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்க்கிறார். பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசி, காவலுள்ள அரண்மனையில் அழகாக இருக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. ஆக, அங்கே பீலி போர்க்களம் காணாத ஆயுதத்தின் அடையாளம். அதே நூலின் 264-ஆம் பாட்டிலோ, இறந்த வீரனின் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிப் பெயர் பொறிக்கிறார்கள். ஒரே இறகுதான், இங்கே அஞ்சலியாகிவிடுகிறது. எனக்கு இந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வைத்துச் சொல்லித்தர மிகவும் பிடிக்கும். உங்கள் பிள்ளைகளுக்கும் பிடிக்கும்.

திகம்பர சமணத் துறவிகள் கையில் வைத்திருப்பதும் மயிற்பீலிக் கற்றைதான். உட்காரும் இடத்தில் இருக்கும் சிற்றுயிர்களை நோகாமல் விலக்குவதற்கு அது.

அப்புறம், பெண்களின் கால்விரலில் அணியும் ஒரு நகைக்கும் பீலி என்று பெயர் உண்டு. காலாழி, மெட்டி என்ற வரிசையில் வரும்.

பிள்ளைகளுக்கு அகராதிப் பட்டியலைக் கொடுக்க வேண்டாம். பக்கத்தில் உள்ள வினையைப் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டினால், வேய்ந்தால் இறகு. வடிந்தால், கொட்டினால் நீர். விரலில் இட்டால், கழற்றினால் நகை. வகுப்பில் மலையாளம் பேசும் பிள்ளை யாராவது இருந்தால், 'கண்பீலி எங்கே?' என்று கேட்டுப் பாருங்கள். இமைமுடியைத் தொட்டுக் காட்டும்.