ஜன்னல் இல்லாத பாத்ரூமுக்கு எந்த வெள்ளை?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: குடிவந்த வாடகை வீட்டில் பாத்ரூம் சுவர் கரும்பச்சை, ஜன்னல் கிடையாது, பெயின்ட் மாற்ற வீட்டுக்காரர் சரி சொல்லிவிட்டார். வெளிர் நிறமாக அடிக்கலாம் என்று கடைக்குப் போனால் வெள்ளையிலேயே ஐம்பது, சாம்பலில் இன்னொரு ஐம்பது. எதை எடுப்பது?

நிற அட்டையைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். உங்களால் மாற்ற முடியாத சாமான்களை முதலில் பாருங்கள்: குளியல் டப், வாஷ்பேசின், கமோடு, டைல்ஸ், தரை. கமோடும் பேசினும் நீலம் ஓடும் பளீர் வெள்ளையாக இருந்தால், பக்கத்தில் மஞ்சள் ஓடும் கிரீம் அடித்த சுவர் அழுக்கேறிய மாதிரி தெரியும். அதற்கு நேர்மாறாக, பழைய வீடுகளில் டப் ஐவரி நிறத்தில் இருக்கும். அதை ஒட்டிச் சுத்த வெள்ளை அடித்தால், டப்பைத் தேய்த்துக் கழுவவே இல்லையோ என்று தோன்றும். ஐவரி டப்புக்கு அதே மஞ்சள் சாயல் உள்ள, அதைவிட ஒரு படி வெளுத்த ஆஃப் ஒயிட்தான் பொருந்தும்.

வெள்ளை என்று எழுதியிருக்கும் எதிலும் ஏதோ ஒரு சாயல் ஒளிந்திருக்கும். தனியாகப் பார்த்தால் பிடிபடாது. அட்டையைச் சாதாரணப் பிரின்டர் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். ஒன்று ரோஸாகும், ஒன்று பச்சையாகும், ஒன்று வெண்ணெய் மாதிரி ஆகும். நிற அட்டையில் ஒரே நிறம் வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை வரும் பட்டையின் அடியில் இருக்கும் அடர்ந்த நிறமும் காட்டிக்கொடுக்கும். அடியில் ஊதா இருந்தால், மேலே இருக்கும் இளஞ்சாம்பலிலும் ஊதா ஓடுகிறது என்று அர்த்தம்.

ஜன்னல் இல்லாததால் உங்கள் பாத்ரூமுக்கு பல்புதான் சூரியன். வெளிச்சத்தின் நிறத்தை பல்ப் டப்பாவில் கெல்வின் என்ற அளவில் போட்டிருப்பார்கள். 2700 கெல்வின் என்று இருந்தால் மஞ்சள் வெளிச்சம். அதில் பீஜ் நிறம் பீச் பழ நிறத்துக்கு ஓடிவிடும். 6500 என்றால் நீல வெளிச்சம். அதில் நல்ல சாம்பல்கூட ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி விறைத்துப்போகும். 3000 முதல் 4000 வரை வைத்துக்கொள்ளுங்கள். சி.ஆர்.ஐ., அதாவது பல்ப் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கான எண், 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிறமும் முகமும் உள்ளபடி தெரியும். பல்பை மாற்றிவிட்டுப் பிறகு பெயின்ட் தேர்ந்தெடுங்கள். வரிசையை மாற்றினால் இரண்டு தடவை பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும்.

அட்டையின் பின்பக்கம் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கான கணக்கு. கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. இருட்டு அறைக்கு 90ஐத் தேடிப் போக வேண்டும் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் வெளிச்சம் குறைந்த இடத்தில் சுத்த வெள்ளை மூலைகளில் சாம்பல் நிழலாக விழும், அறை சோர்ந்துபோகும். என் கணக்கில் 70 முதல் 80க்குள் இருக்கும் வெதுவெதுப்பான ஆஃப் ஒயிட், அல்லது பீஜும் சாம்பலும் கலந்த கிரேஜ் நிறத்தில் மிக வெளிறியது உங்களுக்குச் சரி. சின்ன அறையில் நான்கு சுவரும் ஒன்றின் நிறத்தை இன்னொன்றின் மேல் வீசுவதால், அட்டையில் பார்த்ததைவிட ஒரு படி அடர்த்தியாகத் தெரியும். அதனால் மனதுக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளுத்ததை எடுங்கள். பச்சை ஓடும் சாம்பலை மட்டும் விட்டுவிடுங்கள்; கண்ணாடியில் முகம் காய்ச்சலில் கிடந்தவன் மாதிரி இருக்கும்.

சாம்பிள் டப்பா வாங்கி நேராகச் சுவரில் தீற்றாதீர்கள். சுற்றிலும் கரும்பச்சை இருக்கும்போது நடுவில் உள்ள ஆஃப் ஒயிட் கண்ணுக்கு ரோஸாகத் தெரியும். ஏ3 அளவு வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் இரண்டு செ.மீ. வெள்ளை விட்டு, காய்ந்த பிறகு டப்புக்குப் பக்கத்திலும் பேசினுக்குப் பின்னாலும் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். படுக்கவைத்துப் பார்த்தால் வெளிச்சம் வேறு மாதிரி விழும்.

இனி சுவர். சிமென்ட் பூச்சுக்குப் பழகிய கைக்கு இந்த வீட்டுச் சுவரில் இருக்கும் ஜிப்சம் போர்டு, அதாவது ஜிப்சம் பலகை, புதிது. மேலே இருப்பது காகிதம். தண்ணீரை ஊற்றிக் கழுவக் கூடாது, அழுத்தித் தேய்த்தால் காகிதம் பிய்ந்து பஞ்சாக எழும். சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடையுங்கள். பூஞ்சைப் புள்ளி இருந்தால் ஒரு பங்கு ப்ளீச், மூன்று பங்கு தண்ணீர், பதினைந்து நிமிடம் விட்டுத் துடைக்க வேண்டும். கையுறை போட்டு, கதவைத் திறந்து வைத்து. ப்ளீச்சோடு அமோனியாவோ கமோடு கழுவும் ஆசிட்டோ சேரவே கூடாது, நச்சு வாயு வரும். பூஞ்சையைக் கொல்லாமல் மேலே அடித்தால் அது பெயின்டைத் துளைத்துத் திரும்ப வரும். நீர்க்கசிவு வளையமும் அப்படித்தான்; அதற்குக் கறை தடுக்கும் பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) வேண்டும், சாதாரண வாட்டர் பெயின்ட் எத்தனை கோட் அடித்தாலும் பழுப்பு மேலே வந்துவிடும். வீடு மிகப் பழசென்றால், உப்புத்தாள் போடுவதற்கு முன் பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

கரும்பச்சையை மூட ஒரு கோட் பிரைமர், மேலே இரண்டு கோட் பெயின்ட். அளவுக்கு ஒரு உதாரணம்: 2.4 மீட்டருக்கு 1.8 மீட்டர் அறை, உயரம் 2.4 என்றால் சுவர் ஏறத்தாழ 20 சதுர மீட்டர். கதவும் டைல்ஸும் கழித்தால் 13 அல்லது 14 மிஞ்சும். லிட்டருக்குப் பத்து சதுர மீட்டர் என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு மூன்று லிட்டருக்குள் முடியும். கூரைக்கு ஒரு லிட்டர் போதும். கூரைக்கும் சுவர் நிறமே அடித்தால் மேலே கோடு தெரியாது, தாழ்ந்த கூரை கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருக்கும்.

அடுத்தது பளபளப்பு. சுவருக்கு பாத்ரூமுக்கென்றே வரும் மெல்லிய பளபளப்புள்ள சாட்டின் அல்லது அதைவிடக் குறைந்த எக்ஷெல், கூரைக்கு ஈரம் தாங்கும், பளபளப்பில்லாத மேட். இவற்றைவிடப் பளபளக்கும் செமி கிளாஸ் கழுவ எளிது, ஆனால் போர்டின் மேடு பள்ளம் எல்லாம் பல்ப் வெளிச்சத்தில் வரிவரியாகத் தெரியும். டப் ஓரத்து சிலிக்கான் மேல் பெயின்ட் ஒட்டாது. டேப் ஒட்டி மறையுங்கள், கடைசி கோட் முழுக்கக் காய்வதற்குள் உரித்துவிடுங்கள்.

தொட்டால் ஒட்டாது என்பதற்காக அன்றைக்கே வெந்நீர்க் குளியல் வேண்டாம். இரண்டு மூன்று நாளாவது பொறுங்கள். உள்ளே இறுக இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அதற்குள் ஆவி படிந்தால் பழுப்பு நிறத்தில், பிசுபிசுப்பாகத் தேன் வழிந்த மாதிரிக் கோடுகள் இறங்கும். பலர் இதைச் சுவர்க் கறை என்று பயந்து மறுபடி அடித்துவிடுகிறார்கள். பெயின்டில் உள்ள, தண்ணீரில் கரையும் சேர்மானம்தான் வெளியே வருகிறது. ஈரத்துணியால் துடைத்தால் போகும், சில தடவைக்குப் பிறகு நின்றுவிடும். குளித்து முடித்து அரைமணி நேரம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். காலி செய்யும்போது பழைய நிறத்துக்கே மாற்ற வேண்டுமா என்பதும் அதில் இருக்கட்டும். கடையில் ஒட்டித்தரும் நிறக் குறியீட்டுச் சீட்டைப் படம் எடுத்துவைத்து, மிச்சப் பெயின்டை மூடி இறுகும் கண்ணாடி ஜாடியில் ஊற்றிவையுங்கள். ஆனால் சாட்டினில் நடுவில் ஒட்டுப் போட்டால் பளபளப்பு திட்டாகத் தெரியும். கீறல் விழுந்தால் அந்தச் சுவரை மூலையிலிருந்து மூலைவரை அடித்துவிடுங்கள்.