நான்கு படி ஏற்றிய கதிரை: கடிதமும் பதிலும்

அக்கா, வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகத்தில் இருக்கிறேன். பெயர் போட வேண்டாம். போன மாதம் எங்கள் ஆண்டு விழாவுக்கு ஒரு தங்கச்சியைப் பேச அழைத்தோம். 2009இல் யுத்தத்தில் செல் விழுந்து காயம் பட்டு முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர், சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். ஊர் மாதர் சங்கத்தின் கணக்கு வழக்கெல்லாம் அவர் கையில்தான். நுண்கடன் வட்டியைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டார். “அது வேண்டாம், உங்கட வாழ்க்கையைச் சொல்லுங்கோ, சனத்துக்கு உற்சாகமாக இருக்கும்” என்றோம். மேடைக்கு நான்கு படி. நாலு பொடியன்கள் கதிரையோடு தூக்கி மேலே வைத்தார்கள், சனம் கைதட்டியது. மூன்று நிமிடம் பேசிவிட்டு இறக்கிவிடச் சொன்னார். அடுத்த நாள் நன்றி சொல்லப் போன் எடுத்தேன். “இனிமேல் என்னைக் கூப்பிட வேண்டாம் அண்ணா” என்றார்.

எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. விழாவுக்கு முதலே அவர் விண்ணப்பித்திருந்தார். நிர்வாகக் கூட்டத்தில் அதை எடுத்தபோது, மேல்மாடிக்கு எப்படி வருவா, மலசலகூடத்துக்கு எப்படிப் போவா என்று ஒருவர் கேட்டார், மற்றவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். நாங்கள் மரியாதை செய்யத்தானே அழைத்தோம்? எங்கே பிழைத்தது, இனி என்ன செய்யலாம்?

ஒரு வாசகன்


அன்புள்ள தம்பி,

நடந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள், அதற்கு முதலில் நன்றி. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். எல்லோரும் அந்த நான்கு படியில்தான் பிழை நடந்தது என்று நினைப்பார்கள், ஆனால் எனக்கு அதற்கு முந்திய வரியிலேயே மனம் நின்றுவிட்டது. நுண்கடனைப் பற்றிப் பேசட்டுமா என்று அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது. வன்னியில் எத்தனை வீட்டுப் படலையில் கிழமைக் காசு வாங்கக் கடன்காரர் வந்து நின்றார்கள், எத்தனை பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் எடுத்தார்கள் என்று உங்களுக்கும் தெரியும். மாதர் சங்கக் கணக்கை வருடக்கணக்காக எழுதிய ஒருவருக்கு அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்திருக்கும், அதுவும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் மேடையில். நீங்கள் அதை வேண்டாம் என்று சொல்லி அவருடைய காயத்தைக் கேட்டீர்கள். அவருக்குத் தெரிந்த விசயத்தைக் கேட்க ஆசைப்பட்டு அழைத்திருந்தால் அந்தப் படிகளைப் பற்றியும் ஒருவராவது முதலே யோசித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பார்ப்பதற்காக அழைத்தபடியால், தூக்கி வைப்பதும் காட்சியில் ஒரு பகுதியாகிவிட்டது, கைதட்டலும் அதற்கே விழுந்தது.

இதை உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை. எங்களுடைய ஊர்களில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. கால் இல்லாதவர், கண் தெரியாதவர் மேடைக்கு வந்தால் தன்னம்பிக்கைக் கதை சொல்ல வேண்டும், நாங்கள் கண் கலங்க வேண்டும், ஒரு பொன்னாடை, அவ்வளவுதான். அவர் குளத்துத் தண்ணீர் பங்கீட்டைப் பற்றியோ பள்ளிக்கூட ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றியோ கோபமாக ஏதாவது சொல்லிவிட்டால் எங்களுக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை.

இனி அந்தத் தூக்கலைப் பற்றி. முள்ளந்தண்டு காயப்பட்ட ஒருவரைக் கதிரையோடு தூக்குவது ஆபத்தான வேலை. சில நாற்காலிகளில் கைப்பிடியும் கால் மிதியும் கழற்றக்கூடியவை, பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் இழுபடும். உணர்ச்சி இல்லாத காலில் ஏதாவது கிழித்தால் அவருக்கே உடனே தெரியாது, வீட்டுக்குப் போய்த்தான் இரத்தத்தைக் காண்பார். இதெல்லாம் போக, சனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க அறிமுகமில்லாத நாலு ஆண்கள் ஒரு பெண்ணைச் சுற்றிப் பிடித்துத் தூக்குகிறார்கள். வேறு எந்தப் பேச்சாளரை இப்படித் தொட விடுவீர்கள்?

சாய்வுப்பாதை போடலாமே என்று நினைப்பீர்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பதுதான் பாதுகாப்பான கணக்கு. உங்கள் நான்கு படியும் சேர்ந்து இரண்டடி உயரம் என்றால் இருபத்துநான்கு அடிப் பாதை வேண்டும். பலகையைச் சரித்துப் போட்டுத் தள்ளினால் கதிரை பின்னால் குடை சாயும். ஒரு நாள் விழாவுக்கு இதைவிட இலகுவான வழி இருக்கிறது, மேடையை விட்டுவிடுங்கள். தரையில் ஒரு மேசை, ஒரு மைக், சுற்றிவரக் கதிரைகள். ஆனால் தலைவர், செயலாளர், பிரதம விருந்தினர் எல்லோரும் கீழேயே பேச வேண்டும். மற்றவர்கள் மேலே இருந்து அவர் மட்டும் கீழே என்றால் அது பழைய பிழையேதான்.

அதோடு நேரம். எங்கள் விழாக்கள் ஒன்பது மணி என்று போட்டுப் பதினொரு மணிக்குத் தொடங்கும், பிரதம விருந்தினர் வரும்வரை சனம் காத்திருக்கும், அப்புறம் விளக்கேற்றல், மாலை, வரவேற்புரை, தலைமையுரை. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர் அரை மணிக்கு ஒரு தடவையாவது உடம்பைத் தூக்கி இருக்கையிலிருந்து பாரத்தை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும், அந்தப் புண் மாதக்கணக்கில் ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். பொய்க்கால் போட்டவருக்கு வெயிலில் உள்ளே வியர்த்து எஞ்சிய காலில் தோல் உரியும். என் அண்ணன் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கடைசி வரிசையில் சுவரோரம்தான் இருப்பார், கூச்சம் என்றுதான் நான் பல வருடம் நினைத்தேன். சுவரோரம் இருந்தால் காலைக் கழற்றி வைத்து ஆற விடலாம், எழும்பும்போது சுவரைப் பிடிக்கலாம் என்று பின்னொரு நாள் சொன்னார். மௌன அஞ்சலிக்கு “எல்லோரும் எழுந்து நில்லுங்கள்” என்று மைக்கில் சொல்லும்போது அவர் தலையைக் குனிந்துகொள்வார். அஞ்சலி செய்யும் அந்த இரண்டு நிமிடத்தில் தன்னைப் பற்றி நினைக்க வைக்கிறார்கள் என்பார். “நிற்க முடிந்தவர்கள் நில்லுங்கள், மற்றவர்கள் இருந்தபடியே” என்று சொல்ல எவ்வளவு நேரம் போகும்?

நானும் இதில் பிழை விட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முதல் ஒரு கருத்தரங்கில் அழிந்த கட்டடங்களின் படங்களைத் திரையில் போட்டு, “இந்தப் படத்தைப் பாருங்கள், நான் சொல்லவே தேவையில்லை” என்று ஒவ்வொன்றாகக் கடந்து போனேன். முன்வரிசையில் விழிப்புலன் இல்லாத ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர். முடிந்ததும் வெளியே வந்து, “பிள்ளை, அந்தப் படங்களில் என்ன இருந்தது?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிய வேண்டும் என்று கேட்டார். வாசலில் நின்று ஒவ்வொரு படமாகச் சொன்னேன். அப்படிச் சொல்லும்போதுதான் இரண்டு படத்தை நானே சரியாகப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. அன்றிலிருந்து எந்தப் படத்தைக் காட்டினாலும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரியாவது சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன்.

பேசுபவரே விழிப்புலனற்றவர் என்றால் இன்னொன்று. நேரம் முடிந்தது என்று துண்டுச் சீட்டு கொடுப்பது எங்கள் வழக்கம். அவர் அதை எப்படி வாசிப்பார்? தோளில் ஒரு தட்டு என்று முதலே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டிப் போகும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், உங்கள் முழங்கையை அவர் பிடிக்கட்டும். திக்கிப் பேசுபவருக்குச் சொல் வரத் தாமதமானால் அந்தச் சொல்லை நீங்கள் சொல்லி முடிக்காதீர்கள். செவிப்புலனற்றவர்கள் வந்தால் சைகை மொழி தெரிந்தவரைத் தேடுங்கள். வன்னியில் அது லேசில்லை, செவிப்புலனற்ற பிள்ளைகளும் படிக்கிற கைதடி நஃபீல்ட் பாடசாலையில் படித்தவர்கள், அவர்களுடைய குடும்பத்தவர்கள் என்று விசாரித்துப் பார்க்கலாம். ஒருவரும் கிடைக்காவிட்டால் பேச்சை எழுத்தில் முதலே அவர்கள் கையில் கொடுங்கள். பேசுபவரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், மைக் வாயை மறைக்கக் கூடாது, உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது வேலை. உங்கள் நிர்வாகக் கூட்டத்தில் படியைப் பற்றிக் கேட்டார்கள், மலசலகூடத்தைப் பற்றிக் கேட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு ஐந்தொகை எழுதத் தெரியுமா என்று யாராவது கேட்டார்களா? மற்ற விண்ணப்பதாரிகளிடம் அதைத்தானே முதலில் கேட்பீர்கள். முதலில் தகுதியைப் பாருங்கள். தகுதி இருந்தால் மிச்சம் எல்லாம் தச்சனுக்கும் மேசனுக்கும் உள்ள வேலை. கணக்குப் பிரிவு மேலே இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை, கீழே கொண்டு வாருங்கள், வயதான அங்கத்தவர்கள் உங்களை வாழ்த்துவார்கள். சில்லு நுழைய மேசையின் உயரம் காணாவிட்டால் கால்களுக்குக் கீழே செங்கல் வைக்கலாம். மலசலகூடத்துக்குப் படியில்லாத வாசல், அகலமான கதவு, அதுவும் வெளியே திறக்கிற மாதிரி, உள்ளே திரும்ப இடம், கொமட், பக்கத்தில் உறுதியான பிடி. படலையிலிருந்து வாசல்வரை மணலாக இருந்தால் சில்லு புதையும், ஒரு சீமெந்துப் பாதை போடுங்கள். இதையெல்லாம் நான் சொல்வதை விட அவரையே ஒரு நாள் கூப்பிட்டு, உத்தியோகபூர்வமாக, போக்குவரத்துச் செலவும் கொடுத்து, கட்டடத்தைக் காட்டிக் கேளுங்கள். நாங்கள் யோசித்து இருக்கிற சிக்கல்களில் பாதி அவருக்குச் சிக்கலாகவே இருக்காது, நாங்கள் யோசிக்காத ஒன்றை அவர் காட்டுவார்.

கட்டடம் பழசு, என்ன செய்வது என்று சிலர் சொல்வார்கள். வன்னியில் அந்தக் கதை சரிவராது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் 2006இலேயே வந்துவிட்டன. எங்களுடைய மண்டபங்களும் அலுவலகங்களும் பெரும்பாலும் 2009க்குப் பிறகு திரும்பக் கட்டியவை அல்லது திருத்தியவை. இந்த நாட்டில் வேறெங்கும் இல்லாத அளவு காயப்பட்ட சனம் இருக்கிற இடத்தில், எல்லாவற்றையும் அத்திவாரத்திலிருந்து கட்டும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது, நாங்கள் அதிலும் படி வைத்துக் கட்டினோம். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் ஆறாது.

சட்டம் கேட்டால் இதைச் சொல்லுங்கள்: 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறனாளி என்ற ஒரே காரணத்துக்காக வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அரச துறையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் 3 வீதத்தை ஒதுக்கும் சுற்றறிக்கை 1988இலிருந்தே இருக்கிறது. 2016இல் இலங்கை உறுதிப்படுத்திய, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தின்படி, அளவுமீறிய சுமையாக இல்லாத ஒரு மாற்றத்தைச் செய்துகொடுக்க மறுப்பதும் பாகுபாடுதான். செங்கல்லும் கீழ்மாடியும் எந்தச் சங்கத்துக்கும் சுமையாகாது. 2012 குடிசன மதிப்பீட்டில், ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர் ஏதோவொரு இயலாமையோடு இருப்பதாகப் பதிவானது. அது நாடு முழுவதற்குமான கணக்கு. அந்தக் கணக்கிலேயே இருநூறு பேர் இருக்கிற மண்டபத்தில் பதினேழு பேர் வருவார்கள். உங்கள் விழாவில் அத்தனை பேர் இருந்தார்களா, இல்லாவிட்டால் அவர்கள் ஏன் வரவில்லை என்று ஒரு தரம் யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சின்ன விசயம், கணினியில் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அலுவலகங்களில் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் பலர் தட்டச்சுச் செய்கிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்கு அது ஆங்கில எழுத்துத்தான். விழிப்புலனற்ற ஒருவர் என்விடிஏ போன்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தால் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கேட்கும். ஒருங்குறியில், அதாவது யூனிகோடில் தட்டினால் தமிழாகவே வாசிக்கும். செலவே இல்லாத வேலை இது, பழக்கத்தை மாற்றினால் போதும். சங்கக் கூட்ட அழைப்பிதழையாவது அப்படி அனுப்பத் தொடங்குங்கள்.

அந்தத் தங்கச்சிக்குத் திரும்பவும் போன் எடுங்கள். விழாவில் நடந்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள், கேட்டுவிட்டு அன்றைக்கு வேறொன்றும் கேட்காதீர்கள். மன்னிப்போடு சேர்த்து அடுத்த கூட்டத்துக்கும் அழைத்தால், அழைப்பதற்காகத்தான் மன்னிப்புக் கேட்டீர்கள் என்று தோன்றும். விண்ணப்பத்தை அதன் வழியில் நடத்துங்கள், நேர்முகத்தைக் கீழ்த்தளத்தில் வையுங்கள், கணக்கைப் பற்றிக் கேளுங்கள். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கொஞ்ச நாள் போனபின் நுண்கடனைப் பற்றிப் பேச வருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், அது அவருடைய உரிமை.

வருவார் என்றால் எனக்கும் நாளைச் சொல்லுங்கள், கிளிநொச்சியிலிருந்து பஸ் எடுத்து வந்துவிடுவேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். 2009 மாசியில் பக்கத்தில் விழுந்த செல்லுக்குப் பிறகு எனக்கு இடது காது கேட்பதில்லை. கூட்டத்தில் “எனக்கு மைக் வேண்டாம், என் குரல் எல்லோருக்கும் கேட்கும்” என்று சொல்லி மைக்கைத் தள்ளிவைப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள், கேட்காதவர்கள் எழும்பி நின்று கேட்கவில்லை என்று சொல்லமாட்டார்கள், நானும் சொன்னதில்லை. தலைவர் உட்பட எல்லோரையும் மைக்கில் பேசச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா