முதல் பிரசவம்: வலி வந்துருச்சான்னு எப்படித் தெரியும்? உங்க கேள்விகளும் என் பதில்களும்

இந்த தடவை வந்த கேள்விகள்ல முக்காவாசி ஒரே விஷயம்தான், வலி வந்தா எனக்குத் தெரியுமா சிஸ்டர்னு. லேபர் வார்டுல நைட் டியூட்டி பார்த்தவங்க யாரைக் கேட்டாலும் ஒண்ணு சொல்லுவாங்க. தலைப்பிரசவத்துக்கு வர்றவங்க நிறைய பேரு ரொம்ப முன்னாடியே வந்துருவாங்க, அதனால ஒண்ணும் கெட்டுப்போகாது, பார்த்துட்டு அனுப்பிருவோம். ஆனா சில பேரு உடனே வரவேண்டிய விஷயத்துக்கு வராம, விடிஞ்சதும் போலாம்னு படுத்திருப்பாங்க. எங்களுக்கு பயமே அவங்களை நெனச்சுத்தான். வலிக்கு கடிகாரம் பாருங்க, தண்ணி, ரத்தம், குழந்தை அசைவு இந்த மூணுக்கும் கடிகாரம் பார்க்காதீங்க, இதை மனசுல வெச்சுக்கிட்டு கீழ இருக்குறதைப் படிங்க.

கேள்வி: 37 வாரம் ஓடுது சிஸ்டர், அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். சாயங்காலம் ஆனா வயிறு கல்லு மாதிரி இறுகுது, கொஞ்ச நேரத்துல விட்டுருது. அம்மா இது சூட்டு வலின்னு சீரகத் தண்ணி வெச்சுக் குடுக்குறாங்க, குடிச்சா அடங்குது. இது சூட்டு வலியா, நெசமான வலியா?

அடங்குதுன்னு நீங்களே சொல்லிட்டீங்களே மா, அப்போ பெரும்பாலும் சூட்டு வலிதான். டாக்டருங்க இதை பிராக்ஸ்டன் ஹிக்ஸ்னு சொல்லுவாங்க, 1872-ல இதைப் பத்தி எழுதின இங்கிலாந்து டாக்டரோட பேரு அது. கர்ப்பப்பை தசை அப்பப்போ இறுகும், விடும், ஆனா கர்ப்பவாய் திறக்காது. தண்ணி கம்மியா குடிச்ச அன்னிக்கு, யூரினை அடக்கி வெச்சா, ரொம்ப நேரம் நின்னுக்கிட்டே வேலை பார்த்தா இது கொஞ்சம் ஜாஸ்தியா வரும், அதான் சாயங்காலம் வருது. அடக்குனது சீரகமா இல்ல அதோட சேர்ந்து உள்ள போன தண்ணியும் நீங்க அரை மணி நேரம் உக்காந்ததுமான்னு கேட்டா என் ஓட்டு தண்ணிக்கும் ரெஸ்ட்டுக்கும்தான், ஆனா சீரகத் தண்ணியால கெடுதல் ஒண்ணுமில்ல, அம்மா மனசு கோணாம குடிங்க.

நெசமான வலி என்ன பண்ணாலும் போகாது. படுத்தாலும் வரும், நடந்தாலும் வரும், தண்ணி குடிச்சாலும் வரும், நேரம் ஆக ஆக இடைவெளி குறையும், ஒவ்வொரு வலியும் முன்னதை விட நீளமா அழுத்தமா இருக்கும். நிறைய பேருக்கு பின்னாடி இடுப்புல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் சுத்தி அடிவயித்துக்கு வரும். சந்தேகமா இருந்தா தொப்புளுக்கு மேல உள்ளங்கையை வெச்சு, வயிறு இறுகும்போது விரலால லேசா அமுக்கிப் பாருங்க. மூக்கு நுனியை அமுக்குனா மாதிரி விரல் உள்ள போச்சுன்னா லேசான இறுக்கம், தாடை மாதிரி இருந்தா நடுத்தரம், நெத்தி மாதிரி விரலே போகலன்னா நல்ல வலி. எங்களுக்கு நர்சிங்ல இப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. இன்னொண்ணு, கூட இருக்குறவங்க கவனிக்கலாம், சூட்டு வலியில பேசிக்கிட்டே இருப்பாங்க, நெசமான வலி நல்லா புடிச்சுட்டா பாதி பேச்சுல நிறுத்திட்டு கட்டில் கம்பியைப் புடிச்சுக்குவாங்க, வலி விட்டதும் மிச்சத்தைப் பேசுவாங்க.

கேள்வி: எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தடவை வலி வந்தா கிளம்பணும்? எங்க ஊருல இருந்து ஆஸ்பத்திரி 40 கிலோமீட்டர், அதுல பாதி மண்ணு ரோடு. நான் அவங்க ஹஸ்பெண்ட்.

தம்பி, பொதுவா தலைப்பிரசவத்துக்குச் சொல்றது இதுதான்: 5 நிமிஷத்துக்கு ஒரு வலி, ஒவ்வொண்ணும் ஒரு நிமிஷம் கிட்ட நிக்கணும், இது ஒரு மணி நேரமா விடாம நடக்கணும், அப்போ கிளம்புங்க. ஆனா இது ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்குறவங்களுக்கான கணக்கு. உங்க ரோட்டுக்கு அவ்வளவு நேரம் காத்திருக்காதீங்க, 8, 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒழுங்கா வந்து அழுத்தம் கூடிக்கிட்டே போகுதுன்னா வண்டியை எடுத்துருங்க, போய் உக்காந்து காத்திருந்தா ஒண்ணும் தப்பில்ல.

நேரம் எடுக்குறதுல எல்லாரும் தடுமாறுற இடம் ஒண்ணு இருக்கு. ஒரு வலி ஆரம்பிச்ச நேரத்துல இருந்து அடுத்த வலி ஆரம்பிக்கிற நேரம் வரைக்கும்தான் இடைவெளி. வலி விட்டதுல இருந்து எண்ணுனா கணக்கு தப்பாகிரும். அதுக்குன்னு ஆப் எல்லாம் இருக்கு, ஆனா ஒரு பேப்பர்ல 9.10, 9.17, 9.23ன்னு எழுதுனாலே போதும், அந்தப் பேப்பரைக் கொண்டுவந்து குடுத்தீங்கன்னா எங்களுக்கும் பெரிய உதவி.

நைட்ல வண்டி கிடைக்கலன்னா 108-க்கு அடிங்க, தமிழ்நாட்டுல 2008-ல இருந்து ஓடுது, காசு கிடையாது, அந்த ஆம்புலன்ஸ்ல வர்ற ஸ்டாஃபுக்கு பிரசவம் பார்க்கவும் டிரெய்னிங் உண்டு. பைக்ல மட்டும் உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போயிராதீங்க. 36 வாரம் தாண்டும்போதே தாய் சேய் அட்டை, பிக்மி நம்பர் (கர்ப்பத்தை அரசாங்கத்துல பதிவு பண்ணப்போ குடுத்த நம்பர்), ஸ்கேன் ரிப்போர்ட்டு எல்லாம், ரத்த குரூப் போட்ட பேப்பர், ஆதார் காப்பி, இதை ஒரே கவர்ல போட்டு வீட்ல எல்லாருக்கும் தெரியிற இடத்துல வைங்க. அம்மா வீட்டுக்கு வந்து பிரசவம்னா இன்னும் முக்கியம், ஏன்னா அந்த ஆஸ்பத்திரிக்கு உங்க மனைவியைப் பத்தி ஒண்ணுமே தெரியாது, அந்த கவர்தான் பேசும்.

ஒண்ணு விட்டுட்டேன், இந்த 5 நிமிஷக் கணக்கெல்லாம் பிபி, சுகர் எதுவும் இல்லாம, குழந்தை தலை கீழ இருக்குறவங்களுக்கு. குழந்தை குறுக்கயோ கால் கீழயோ இருக்கு, நஞ்சுக்கொடி கீழ இருக்கு, ரெட்டைக் குழந்தைன்னு டாக்டர் சொல்லியிருந்தா முதல் வலி ஒழுங்கா வந்ததுமே கிளம்புங்க.

கேள்வி: பனிக்குடம் உடைஞ்சா சினிமால மாதிரி குபுக்குனு ஊத்துமா? எனக்கு நேத்துல இருந்து உள்ளாடை ஈரமா இருக்கு, யூரினா என்னன்னு தெரியல, தும்முனா கொஞ்சம் வருது.

குபுக்குனும் ஊத்தும், சொட்டு சொட்டாவும் கசியும். குழந்தை தலை நல்லா கீழ இறங்கி அடைச்சுக்கிட்டு இருந்தாலோ, ஓட்டை எங்கேயோ மேல இருந்தாலோ, தண்ணி மெதுவா கசிஞ்சுக்கிட்டே இருக்கும். தும்முறப்ப மட்டும் வந்து நின்னுருச்சுன்னா யூரினா இருக்க வாய்ப்பு அதிகம், கடைசி மாசத்துல குழந்தை மூத்திரப்பையை அமுக்குறதால இது சகஜம். யூரின் வாடை தெரியும், மஞ்சளா இருக்கும், பனிக்குட தண்ணிக்கு அந்த வாடை கிடையாது, நெறமில்லாம இல்ல லேசான வைக்கோல் நெறத்துல இருக்கும்.

யூரின் போயிட்டு வந்து சுத்தமான வெள்ளை பேடு ஒண்ணு வெச்சுட்டு அரை மணி நேரம் ஒருக்களிச்சுப் படுங்க, அப்புறம் எழுந்து நில்லுங்க. நிக்கும்போது வழிஞ்சுதுன்னா, இல்ல பேடு நனைஞ்சிருந்தா, ஆஸ்பத்திரிக்குப் போங்க, பேடையும் கவர்ல போட்டுக் கொண்டு போங்க. ஆனா உங்களுக்கு நேத்துல இருந்தே ஈரம்னு சொல்றீங்க, நீங்க இந்த டெஸ்ட் எல்லாம் பண்ணிக்கிட்டு உக்கார வேண்டாம் மா, இன்னிக்கே போய் காட்டிருங்க.

வலியே இல்லயே, அப்புறம் எதுக்குப் போகணும்னு கேக்குறாங்க. மாசம் நெறஞ்சவங்கள்ல 100-ல 8 பேருக்கு வலி வர்றதுக்கு முன்னாடியே குடம் உடையும், அதுல நிறைய பேருக்கு 24 மணி நேரத்துக்குள்ள தானா வலி வந்துரும். ஆனா குடம் உடைஞ்சா குழந்தைக்கும் வெளிக்கும் நடுவுல இருந்த சுவர் போச்சு, நேரம் ஆக ஆக இன்ஃபெக்ஷன் உள்ள போற வாய்ப்பு கூடும், அதனால எப்போ உடைஞ்சுதுன்னு மணி பார்த்து எழுதி வைங்க. தண்ணி பச்சையா வந்தா குழந்தை உள்ளயே மோஷன் போயிருக்குன்னு அர்த்தம், நாத்தம் அடிச்சாலோ காய்ச்சல் இருந்தாலோ அதுவும் அவசரம், உடனே கிளம்பணும். வீட்ல யாரும் விரலை உள்ள விட்டுப் பார்க்குறது, துணியை உள்ள திணிக்கிறது எதுவும் கூடாது. ரொம்ப அபூர்வமா தண்ணியோட தொப்புள்கொடி கீழ வந்துரும், கயிறு மாதிரி கையில தட்டும். அப்படி இருந்தா உள்ள தள்ளாதீங்க, முட்டி போட்டு தலையைக் கீழ தாழ்த்தி பின்பக்கத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்க.

கேள்வி: காலைல சளி மாதிரி கெட்டியா, ரோஸ் கலர்ல வந்துச்சு. வலி இல்ல. 38 வாரம். பயமா இருக்கு.

பயப்படாதீங்க, கர்ப்பவாயை அடைச்சிருந்த சளிதான் அது, ரத்தக்கோடு கலந்து வரும். அன்னிக்கே வலி வரலாம், ஒரு வாரம் கழிச்சும் வரலாம். டாக்டர் பிவி (விரலை உள்ள விட்டு கர்ப்பவாயைப் பார்க்குறது) பார்த்துட்டு அனுப்புன மறுநாளும் இப்படிக் கொஞ்சம் வரும். ஆனா சளி இல்லாம வெறும் ரத்தமா, பீரியட்ஸ் மாதிரி ஊத்துச்சுன்னா, இல்ல ரத்தத்தோட வயிறு விடாம இறுகியே இருந்தா அது வேற கதை, வலி இருக்கோ இல்லயோ ஓடுங்க.

கேள்வி: எம்பொண்ணுக்கு இது 39-வது வாரம். வயிறு நல்லா இறங்கிருச்சு. நேத்துல இருந்து குழந்தை அவ்வளவா அசையல, பிரசவம் நெருங்குனா அப்படித்தான் அடங்கிருமுன்னு பக்கத்து வீட்டம்மா சொல்றாங்க. சரியா?

சரியில்லம்மா. இதைப் படிக்கும்போதே கிளம்புங்க. வயிறு இறங்குறது சரி, தலைப்பிரசவத்துக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே தலை இறங்கி மூச்சு வாங்குறது குறையும், அடிக்கடி யூரின் வரும், அதெல்லாம் நல்லதுதான். ஆனா பிரசவம் நெருங்குனா அசைவு குறையும்னு சொல்றது தப்பு, இந்த ஒரு பேச்சால எத்தனை வீட்ல நேரம் போயிருக்கு தெரியுமா. உதைக்கிறதுக்குப் பதிலா உருளுற மாதிரி, நெளியுற மாதிரி இருக்கும், ஆனா எண்ணிக்கை குறையக் கூடாது, வலி ஆரம்பிச்ச அப்புறமும் அசையணும். சாப்பிட்டுட்டு இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தா 2 மணி நேரத்துல 10 அசைவாவது தெரியணும்னு சொல்லுவோம். உங்க பொண்ணுக்கு நேத்துல இருந்தே கம்மி, நீங்க படுக்க வெச்சு எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. அங்க போனதும் இதயத் துடிப்பு பார்த்து மெஷின்ல கிராஃப் எடுப்பாங்க, நல்லா இருந்தா நிம்மதியா வீட்டுக்கு வரலாம்.

கேள்வி: ரெண்டு தடவை போயிட்டேன், ஒரு விரல்தான் திறந்திருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. மூணாவது தடவை போக வெக்கமா இருக்கு. வலி நெசமாவே இருக்கு சிஸ்டர், நான் நடிக்கல.

யாரும் நீங்க நடிக்கிறீங்கன்னு நெனைக்கல மா. அப்படி யாராவது மூஞ்சியைக் காட்டியிருந்தா அது அவங்க தப்பு. தலைப்பிரசவத்துல ஆரம்பக் கட்டம் ரொம்ப இழுக்கும், கர்ப்பவாய் முதல்ல மெலியணும், அப்புறம் திறக்கணும், ஒரு நாள், சில பேருக்கு ஒண்ணரை நாள்கூட விட்டு விட்டு வலி இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2018-ல சொன்ன கணக்குப்படி 5 சென்டிமீட்டர் திறந்தாதான் பிரசவம் வேகம் புடிக்கிற கட்டம், அதுக்கு அப்புறமே முதல் குழந்தைக்கு 12 மணி நேரம் வரைக்கும் ஆகலாம். ஒரு விரல்ல (அதாவது 1, 2 சென்டிமீட்டர்ல) படுக்க வெச்சா தேவையில்லாம ஊசி, டிரிப்ஸ்னு ஆரம்பிக்கிறதுக்கு வாய்ப்பு கூடும், நிறைய ஆஸ்பத்திரில திருப்பி அனுப்புறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்ல என்ன பண்றதுன்னா சாப்பிடுங்க. இட்லி, கஞ்சி, இளநீர், எது இறங்குதோ அது. பிரசவ வலின்னா பட்டினி கிடக்கணும்னு யாரு கிளப்பி விட்டாங்களோ, ஆபரேஷன் இருக்குன்னு டாக்டர் சொல்லாத வரைக்கும் பட்டினி வேண்டாம். வெந்நீர்ல குளிங்க, வலி விட்ட நேரத்துல தூங்கப் பாருங்க, கூட இருக்குறவங்க வலி வர்றப்ப பின் இடுப்பை உள்ளங்கையால அழுத்திப் புடிச்சா நல்லா கேக்கும். வலி கூடுச்சுன்னா மூணாவது என்ன, நாலாவது தடவையும் போங்க.

கேள்வி: 33 வாரம்தான் ஆகுது. பின் இடுப்பு விட்டு விட்டு வலிக்குது, மோஷன் போற மாதிரி இருக்கு. கேஸா இருக்குமா?

37 வாரத்துக்கு முன்னாடி விட்டு விட்டு வர்ற வலிக்கு கேஸ்னு பேரு வெச்சுட்டு ஓமத் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. இன்னிக்கே, இப்பவே காட்டுங்க. சீக்கிரம் போனா குழந்தை நுரையீரல் பலப்படுறதுக்கு ஸ்டீராய்டு ஊசி போட முடியும், 34 வாரத்துக்கு முன்னாடி பொறக்குற குழந்தைக்கு அது பெரிய வித்தியாசம், ஆனா ஊசி வேலை செய்ய நேரம் வேணும். குழந்தை ஐசியு இருக்குற ஆஸ்பத்திரியா பாருங்க.

கேள்வி: டேட் தாண்டி 3 நாள் ஆச்சு. அமாவாசைக்கு வலி வந்துரும்னு பாட்டி சொல்றாங்க, வரலன்னா விளக்கெண்ணெய் குடுக்கலாமாம்.

குறிச்ச தேதியிலயே பொறக்குறது 100-ல 4, 5 பேருக்குத்தான், தலைப்பிரசவம் கொஞ்சம் தள்ளிப் போறது வழக்கம். அமாவாசைக்கும் வலிக்கும் சம்பந்தமில்ல. விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம், பேதியாகி, வாந்தி எடுத்து, ஒடம்புல தண்ணி வத்திப்போய்தான் வருவாங்க. செக்கப்புக்குப் போங்க, 41 வாரம் ஆனா வலி வர்றதுக்கு மருந்து வைக்கிறதைப் பத்தி டாக்டரே பேசுவாங்க, அது வரைக்கும் அசைவு மேல கண்ணா இருங்க. நடுவுல தலைவலி மண்டையைப் பொளந்தா, கண்ணு மங்கலா தெரிஞ்சா, மேல்வயிறு வலிச்சா அது பிபி ஏறுனதா இருக்கலாம், செக்கப் டேட்டுக்கெல்லாம் காத்திருக்காதீங்க.

கேள்வி: எங்க அக்காவுக்கு பாத்ரூம்ல வெச்சே தலை வந்துருச்சு. எனக்கும் அப்படி ஆகுமோன்னு தூக்கமே வரல.

முதல் பிரசவத்துல அவ்வளவு வேகமா ஆகுறது கம்மி மா. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. நல்ல வலி நடக்கும்போது திடீர்னு மோஷன் முட்டுற மாதிரி இருந்தா, அது குழந்தை தலை ஆசனவாயை அமுக்குறதா இருக்கலாம், அப்போ பாத்ரூம் போயி கதவைச் சாத்திக்கிட்டு முக்காதீங்க. கூட இருக்குறவங்களைக் கூப்பிட்டு ஒருக்களிச்சுப் படுத்துட்டு 108-க்கு அடிக்கச் சொல்லுங்க, ஃபோன்லயே என்ன பண்ணணும்னு சொல்லுவாங்க. வண்டி வர்றதுக்குள்ள குழந்தை வந்துருச்சுன்னா இழுக்கக் கூடாது, தானா வர்றதைத் தாங்கிப் புடிக்கணும், சுத்தமான துணியால நல்லா துடைச்சு அம்மா நெஞ்சு மேல வெறும் ஒடம்போட படுக்கப் போட்டு ரெண்டு பேரையும் போர்த்தி விடணும். வீட்ல இருக்குற பிளேடு, கத்திரிக்கோலால கொடியை வெட்டாதீங்க, அது அப்படியே இருக்கட்டும், நஞ்சு வந்தாலும் ஒரு கவர்ல போட்டு குழந்தையோடவே கொண்டு வாங்க.