2024-இன் பத்துப் படங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் திரைப்படச் சங்கத்தில் 15 பேர். 2024-இன் சிறந்த படத்தைக் கைதூக்கச் சொல்லித் தேர்ந்தெடுத்தோம். 6 பேர் கைதூக்கிய படம் ஜெயித்தது. மற்ற 9 பேருக்கும் அந்தப் படம் பிடிக்கவே இல்லை. எங்கே தவறு?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: எண்ணிய முறையில்தான். களத்தில் மூன்று படங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் படத்துக்கு 6 வாக்கு, இரண்டாவதுக்கு 5, மூன்றாவதுக்கு 4. மூன்றாவதை விரும்பிய நால்வருக்கும் அடுத்தபடியாகப் பிடித்தது இரண்டாவது படம். அதாவது 15 பேரில் 9 பேர், முதல் படத்தைவிட இரண்டாவதே மேல் என்கிறார்கள். ஆளுக்கு ஒரு கை மட்டும் தூக்கினால் இந்தத் தகவல் வெளியே வர வழியே இல்லை.

வரிசை வாக்குக்கு மாறுங்கள். சீட்டில் படங்களின் பெயருக்கு நேரே 1, 2, 3 என்று எழுதச் சொல்லுங்கள். 1 வாங்கிய படத்தின்படி சீட்டுகளை மேஜையில் தனித்தனியாக அடுக்குங்கள். பாதிக்கு மேல், அதாவது 8 சீட்டு எந்த அடுக்கிலும் சேரவில்லையென்றால், இருப்பதிலேயே சிறிய அடுக்கை எடுத்து, அந்தச் சீட்டுகளில் 2 என்று எழுதியிருக்கும் படத்தின் அடுக்கில் சேர்த்துவிடுங்கள். மேலே சொன்ன கணக்கில் மூன்றாவது படத்தின் 4 சீட்டும் இரண்டாவதுக்குப் போகும். 9-க்கு 6 என்று இரண்டாவது படம் ஜெயிக்கும். 2009-ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து ஆஸ்கரில் சிறந்த படத்தை இப்படித்தான் எண்ணித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சிக்கல் வருவது இரண்டு இடங்களில். சிலர் 1 மட்டும் எழுதிவிட்டு மீதியை வெறுமனே விடுவார்கள். அவர்களுடைய படம் வெளியேறியதும் அந்தச் சீட்டும் கழிந்துவிடும். அப்போது ‘பாதி’ என்பதை மிச்சமிருக்கும் சீட்டுகளை வைத்துக் கணக்கிட வேண்டும். இன்னொன்று, கடைசி இடத்தில் இரண்டு படங்கள் சமமாக நிற்பது. முந்தைய சுற்றில் குறைவாக வாங்கியது வெளியேறட்டும், முதல் சுற்றிலேயே சமம் என்றால் ‘2’ என்ற எண்ணைக் குறைவான சீட்டுகளில் வாங்கியது வெளியேறட்டும். இதைச் சீட்டைப் பிரிப்பதற்கு முன்பே எழுதி ஒட்டிவிடுங்கள். பிரித்த பிறகு விதி பேசினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

கேள்வி: பத்துப் படப் பட்டியலுக்கு முதலிடத்துக்கு 10 புள்ளி, பத்தாமிடத்துக்கு 1 புள்ளி என்று கொடுக்கிறோம். ஒவ்வொரு வருடமும் பெரிய படங்களே மேலே வருகின்றன. சிறிய படங்கள் காணாமல் போகின்றன.
– வாசகி, கோவில்பட்டி

பதில்: புள்ளிகளைக் கூட்டும்போது, எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்தே கூட்டிவிடுகிறீர்கள். ஒரு சிறிய படத்தை 15 பேரில் 5 பேர்தான் பார்த்தார்கள், ஐவரும் அதற்கு முதலிடம் தந்தார்கள் என்றால் 50 புள்ளி. எல்லோரும் பார்த்து, எல்லோரும் ஆறாமிடத்தில் வைத்த படத்துக்கு ஆளுக்கு 5 வீதம் 75 புள்ளி. ஒருவருக்கும் முதல் ஐந்தில் இடம்பெறாத படம், பார்த்த அத்தனை பேரையும் உலுக்கிய படத்தை முந்திவிடுகிறது. இது பெரிய அநியாயம்.

எங்கள் யோசனை: பத்துப் பெயர்களை வரிசை இல்லாமல் எழுத வையுங்கள். பார்த்த படங்களின் முழுப் பட்டியலையும் ஒவ்வொருவரிடமும் தனியாக வாங்குங்கள். பார்த்தவர்களில் எத்தனை பேர் தங்கள் பத்தில் சேர்த்தார்கள் என்று விகிதம் போடுங்கள். 6 பேர் பார்த்து 5 பேர் சேர்த்தால் 83 சதவீதம். 15 பேரும் பார்த்து 9 பேர் சேர்த்தால் 60. இருவர் மட்டும் பார்த்த படம் 100 வாங்கி மேலே ஏறிவிடாமலிருக்க, குறைந்தது 5 பேராவது பார்த்திருக்க வேண்டும் என்று வரம்பு வையுங்கள்.

அதோடு, வாக்கெடுப்புக்கு மூன்று வாரம் முன்பே 15 படங்களின் முதல் பட்டியலை எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரட்டும். எந்தக் கணக்கும் இதற்கு ஈடாகாது.

கேள்வி: ஒரு படம் எந்த வருடத்தைச் சேர்ந்தது? திரைப்பட விழா, தணிக்கை, தியேட்டர், ஓடிடி என்று நான்கு தேதிகள் இருக்கின்றனவே.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது பெற்றது. ஓடிடியில் வந்தது 2023 அக்டோபரில். 2021 பட்டியலில் சேர்த்தால் பெரும்பாலோர் பார்த்திருக்க மாட்டார்கள். 2023-இல் சேர்க்காவிட்டால் எந்தப் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. தேசிய விருதுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேதிதான் கணக்கு. அதனால்தான் 2020-இல் நேரடியாக ஓடிடியில் வந்த ‘சூரரைப் போற்று’, 2020-க்கான 68-ஆவது விருதுகளில் சிறந்த படமாகத் தேர்வானது. அறிவிப்பு வந்தது 2022 ஜூலையில்.

சங்கங்களுக்கு நாங்கள் சொல்வது: உங்கள் ஊர்க்காரர் பணம் கட்டிப் பார்க்க முடிந்த முதல் நாள், அது தியேட்டரோ ஓடிடியோ, அந்த நாள்தான் படத்தின் தேதி. டிசம்பர் படங்களுக்காக வாக்கெடுப்பைப் பிப்ரவரி இரண்டாம் பாதிக்குத் தள்ளிவையுங்கள். ‘விடுதலை பாகம் 2’ 2024 டிசம்பர் 20-இல்தான் வந்தது. தமிழ்ப் படங்கள் பல நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுவதால், தியேட்டரில் தவறவிட்டவர்களுக்கும் அவகாசம் கிடைக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கச் சிக்கல், வருடத் தொடக்கத்தில் வந்தவை மறந்துபோவது. ‘ப்ளூ ஸ்டார்’ 2024 ஜனவரி 25, ‘லவ்வர்’ பிப்ரவரி 9. டிசம்பரில் இவற்றைப் பற்றிப் பேசச் சொன்னால் கதைச் சுருக்கம்தான் வருகிறது. படம் பார்த்த மறுநாளுக்குள் நான்கு வரி எழுதும் பழக்கம் வேண்டும்: தேதி, எங்கே பார்த்தது, மனதில் நின்ற ஒரு காட்சி, உறுத்திய ஒன்று. அந்த மூன்றாவது வரிதான் பத்து மாதம் கழித்துப் படத்தைத் திரும்பக் கொண்டுவரும். ‘நடிப்பு அருமை’ என்று எழுதி வைத்தால் எதுவும் நினைவுக்கு வராது.

கேள்வி: கைப்பேசியில் பார்த்த படத்துக்கு வாக்களிக்கலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கூடாது என்று சொன்னால் பாதி ஊர்களில் வாக்காளரே இருக்க மாட்டார்கள். ஆனால் எப்படிப் பார்த்தோம் என்பதைச் சீட்டில் குறியுங்கள். ‘கொட்டுக்காளி’யை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோவின் இரைச்சலும் சாலையின் சத்தமும்தான் படத்தின் இசை. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் அவை கரகரப்பாகக் கேட்கும், அல்லது கேட்கவே கேட்காது. அதைப் பார்த்துவிட்டு ‘மெதுவாகப் போகிறது’ என்று தள்ளுபவர் பாதிப் படத்தைத்தான் பார்த்திருக்கிறார். குறைந்தபட்சம் காதில் ஹெட்போன், இருட்டிய அறை, இடையில் நிறுத்தாமல் ஒரே அமர்வு.

எந்தப் பிரதி என்பதையும் கவனியுங்கள். ‘மெய்யழகன்’ 2024 செப்டம்பர் 27-இல் வெளியானபின் சுமார் 18 நிமிடம் குறைக்கப்பட்டது. முதல் நாள் பார்த்தவரும் இரண்டாம் வாரம் பார்த்தவரும் ‘நீளம்’ என்று சண்டை போடும்போது, இருவர் பேசுவதும் ஒரே படத்தைப் பற்றி அல்ல.

கேள்வி: ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ தமிழ்நாட்டில் அவ்வளவு ஓடியது, கொடைக்கானலில் நடக்கும் கதை. தமிழ்ப் பட்டியலில் சேர்க்கலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: அது மலையாளப் படம். பட்டியலின் தலைப்பு ‘தமிழ்ப் படங்கள்’ என்றால் இடமில்லை, ‘தமிழ்நாட்டில் பார்த்த படங்கள்’ என்றால் தாராளமாகச் சேர்க்கலாம். தலைப்பை ஜனவரியிலேயே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: திரைக்கதை, ஒளிப்பதிவு, நடிப்பு, இசை என்று ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண் போட்டுக் கூட்டினால் சண்டையே வராதே?
– வாசகர், வேலூர்

பதில்: சண்டை வராது, நல்ல பட்டியலும் வராது. எல்லாவற்றிலும் 18 வாங்கும் பழுதில்லாத படம் 72-இல் வந்து நிற்கும். ஒளிப்பதிவில் தடுமாறினாலும் நம்மைத் தூங்கவிடாத படம் 65-இல் நின்றுவிடும். இசையே வேண்டாம் என்று முடிவெடுத்த இயக்குநருக்கு இசைக்கு என்ன மதிப்பெண் போடுவீர்கள்? அந்தப் பகுப்பு விவாதத்துக்கு உதவும், கூட்டலுக்கு உதவாது.

கேள்வி: முதலில் விவாதமா, வாக்கா?
– வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் எழுதுங்கள், பிறகு பேசுங்கள், மறுபடியும் எழுதுங்கள். விவாதத்தில் தொடங்கினால், முதலில் பேசும் மூத்தவரின் கருத்தை ஒட்டியே பலரும் போவார்கள். முதல் சீட்டை மூடிய உறையில் வாங்கி வைத்துவிட்டு, படத்துக்கு 10 நிமிடம் வீதம் பேசுங்கள். படத்தைத் தன் பத்தில் சேர்க்காதவர் முதலில் பேசட்டும், சேர்த்தவர் பதில் சொல்லட்டும். முடிந்ததும் புதுச் சீட்டு. முடிவு இரண்டாவது சீட்டின்படிதான். ஆனால் இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பேசியபின் மேலே ஏறிய படம் எதுவோ, அதைத்தான் அடுத்த மாதம் சங்கத்தில் திரையிட வேண்டும்.