காலமெல்லாம் பகுத்தறிவு பேசுன அப்பா 70 வயசுல காசிக்குக் கெளம்புறாரு, இது கொள்கைய விட்டதாகாதா?

இந்தக் கேள்விய அப்படியே தாண்டிப் போக முடியல. உங்க அப்பா மாதிரிதான் நானும். திருச்சியில எந்த மூலையில கழகக் கூட்டம்னாலும் சைக்கிள மிதிச்சிட்டுப் போனவன், எங்க கல்யாணம் சுயமரியாதைக் கல்யாணம், ஐயரும் கெடையாது ஓமமும் கெடையாது. ஆனா வீட்டம்மா சாமி கும்புடுவாங்க, நான் ஒருநாளும் தடுத்ததில்ல. பஸ் டிப்போ வேலையில இருந்து ரிட்டயர் ஆனப்புறம் அவங்களோட காசிக்குப் போய்ட்டு வந்தேன். அதுக்கு நான் வாங்குன பேச்சு கொஞ்சநஞ்சமில்ல. கூடவே கொடி புடிச்ச தோழர் ஒருத்தர் டீக்கடையில நாலு பேர் முன்னாடி "கறுப்பு வெளுத்துப்போச்சா தோழர்"னாரு. சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்ல "கடைசியில அவன் காலடிக்கு வந்துதானே ஆகணும்"னு போட்டு கையெடுத்துக் கும்புடற படம். ரெண்டு தரப்புல ஒருத்தர்கூட ஏன் போனீங்கன்னு என்கிட்ட கேக்கல. நீங்களும் ஊர்ப் பேச்சுக்கு பயந்துதான் கேக்குறீங்கன்னு நெனைக்கிறேன்.

காசிக்குப் போனா கொள்கை போயிடும்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு, பெரியாரே போயிருக்காரு. 1904ல வீட்ட விட்டுக் கெளம்பி காசிக்குப் போனவருக்கு அங்க சத்திரத்துல சோறு கெடைக்கல, பிராமணங்களுக்கு மட்டும்தான் சாப்பாடு. பசி தாங்காம பூணூல் போட்டுக்கிட்டு உள்ள போகப் பாத்தாரு, மீசைய வச்சுக் கண்டுபுடிச்சு வெளிய தள்ளிட்டாங்க. தெருவுல எறிஞ்ச எச்சில் இலையில இருந்துதான் அன்னைக்கு சாப்பிட்டாரு. அந்தச் சத்திரத்தக் கட்டுனதே பிராமணர் அல்லாத ஒரு தெற்கத்திப் பணக்காரர்னு தெரிஞ்சப்ப அவருக்கு எப்படி இருந்திருக்கும்? இளவட்டமா இருந்தப்ப மேடையில நான் இதக் கேட்டு அழுதிருக்கேன். அந்த ஊர என் கண்ணால பாக்கணும்ங்கறது அன்னையில இருந்தே மனசுல இருந்துச்சு.

போனோம். மத்தியானம் ஒரு தமிழ்ச் சத்திரத்துல பந்தியில உக்காந்தோம். என் இடதுபக்கம் சேலத்துல இருந்து வந்த லாரி டிரைவர் குடும்பம், எதிர்ல குடுமி வச்ச ஒரு பெரியவர். இலை போட்டு, சாதம் போட்டு, சாம்பார் ஊத்துன பையன் "ஐயா இன்னும் கொஞ்சம்?"னு கேட்டானே தவிர நீங்க யாரு, என்ன ஆளுங்கன்னு கேக்கல. எனக்கு கை ஓடல. வீட்டம்மா என் மூஞ்சியப் பாத்துட்டு "பெரியார நெனைச்சுக்கிட்டீங்களா, சாப்பிடுங்க"ன்னாங்க. நான் அங்க போனது இதுக்குத்தான், இத பக்தின்னு யாராவது சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்.

இன்னொண்ணு. கங்கைக்கரை சந்துல இருக்கற சின்னச் சின்னக் கோயில்ல யார் வேணாலும் உள்ள போய் லிங்கத்துக்கு தன் கையாலயே தண்ணி ஊத்தலாம். வீட்டம்மா பித்தளைச் சொம்புல கங்கைத் தண்ணிய மொண்டு வந்து ஊத்திட்டு, அந்தக் கல்லத் தொட்டுப் பாத்தாங்க, கை நடுங்குச்சு. நான் கும்புடல, பக்கத்துல நின்னு அவங்க தோளப் புடிச்சுக்கிட்டேன், படி வழுக்குதுன்னு. நம்ம ஊர்ல கருவறை வாசப்படிய அவங்க தாண்ட முடியுமா? அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர்னு 1970ல கலைஞர் சட்டம் கொண்டுவந்தாரு, கோர்ட்டு கேஸுன்னு இழுத்து 2021 ஆகஸ்ட்லதான் பெருசா பணி நியமனம் நடந்துச்சு. பெரியார் நெஞ்சுல தைச்ச முள் இதுதான். நான் எந்தக் கொள்கையையும் விட்டுட்டு வரல, காசியில அது இன்னும் கெட்டியாச்சு. அங்க எல்லாம் சமத்துவம்னு நான் சொல்ல வரல, பிணம் எரிக்கற வேலைய இன்னைக்கும் டோம் சாதிக்காரங்கதான் மணிகர்ணிகாங்கற சுடுகாட்டுப் படித்துறையில பாத்துக்கிட்டு இருக்காங்க. இத எழுதலன்னா அதுக்கும் நாலு பேர் சண்டைக்கு வருவாங்க.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததுதான், ஆனாலும் சொல்லிடறேன். ரயில்ல 60 தாண்டுன ஆம்பளைங்களுக்கு 40 சதவீதம், 58 தாண்டுன பொம்பளைங்களுக்கு 50 சதவீதம் சலுகை இருந்துச்சு. கொரோனாவுக்காக 2020 மார்ச்ல நிறுத்துனாங்க, ரயிலெல்லாம் பழையபடி ஓட ஆரம்பிச்ச பிறகும் அது திரும்பி வரல. புண்ணிய யாத்திரை புண்ணிய யாத்திரைன்னு மேடைக்கு மேடை பேசறாங்க, பென்ஷன் இல்லாத கிழவன் கிழவி எப்படிப் போவாங்க? ஓட்டுக் கேட்டு வர்ற எல்லாக் கட்சிக்காரங்ககிட்டயும் நான் இதத்தான் கேக்குறேன்.

அதனால அப்பாகிட்ட கொள்கை பேசாதீங்க, ஏன் போகணும்னு தோணுதுன்னு மட்டும் கேளுங்க. அவர் கும்புடத்தான் போறாருன்னாலும் அது அவர் இஷ்டம், அவர் காலம் பூரா உழைச்ச காசு. வெயில் காலத்துல அனுப்பாதீங்க, மழைக்காலத்துல கங்கை ஏறி படியெல்லாம் முங்கிடும், படகும் விடமாட்டாங்க. நவம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள போகட்டும், ஆனா டிசம்பர் ஜனவரின்னா பனிமூட்டத்துல ரயில் மணிக்கணக்கா லேட்டாகும். படித்துறை செங்குத்து, முட்டி வலி இருந்தா ஒரு படித்துறையில இருந்து இன்னொண்ணுக்கு படகுலயே போய்க்கலாம். டிக்கெட் இப்ப 60 நாளைக்கு முன்னாடிதான் ஓப்பன் ஆகுது, அன்னைக்குக் காலையிலயே உக்காந்து லோயர் பெர்த் போட்டுடுங்க.